மூலைக்குப் போன மந்திரி: சிங்கப்பூரில் கறுப்பு வென்ற 14ஆம் ஆட்டம்

முதலில் பலகையை அடுக்கிக்கொள்ளுங்கள் (ஏ முதல் எச் வரை எழுத்து செங்குத்து வரிசையையும், 1 முதல் 8 வரை எண் கிடை வரிசையையும் குறிக்கும்). வெள்ளைக்கு ராஜா ஜி1, யானை எஃப்4, மந்திரி ஏ8, சிப்பாய் ஜி3. கறுப்புக்கு ராஜா இ5, யானை பி2, மந்திரி இ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. நகர்த்த வேண்டியது வெள்ளை. கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல்தான் என்றாலும், சரியாக ஆடினால் இது டிரா ஆக வேண்டிய நிலை.

2024 டிசம்பர் 12 அன்று, செந்தோசாவின் ஈக்குவேரியஸ் ஹோட்டலில், உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 14ஆவதும் கடைசியுமான ஆட்டம் இந்த நிலைக்கு வந்து நின்றது. வெள்ளையில் நடப்பு வெற்றியாளர் டிங் லிரென். கறுப்பில் சென்னையின் டி. குகேஷ், வயது 18. அதுவரை இருவருக்கும் தலா 6.5 புள்ளி. அன்று டிரா ஆகியிருந்தால் மறுநாள் வேக ஆட்டங்களில் பட்டம் தீர்மானமாகியிருக்கும். டிங் 2023இல் அஸ்தானாவில் பட்டம் வென்றதே வேக ஆட்டத்தில்தான், அதுவும் கறுப்புக் காய்களோடு. ஆகவே அவர் டை-பிரேக்கை நாடியதில் வியப்பில்லை. ஆனால் 55ஆம் நகர்வில் யானையை எஃப்2இல் வைத்தார். மூன்று நகர்வுக்குப் பின் சரணடைந்தார்.

அன்றிரவே இதற்கு ‘ஒரே நகர்வுப் பிழை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாதி சரி. யானை எஃப்2 பிழைதான், ஆனால் யானைகளைக் கழிப்பது தானாகவே தோல்வியில் முடிந்துவிடாது. அது தோற்பதற்கு மூன்று நிலைமைகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. அவற்றில் இரண்டை முந்தைய இரண்டு நகர்வுகளில் வெள்ளையே ஏற்படுத்திக் கொடுத்தது. மற்றொன்றைக் கறுப்பு 42ஆம் நகர்விலேயே செய்து வைத்துவிட்டது. இந்த ஆய்வு அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கிறது.

ஆட்டக் குறிப்பு

சுருக்கங்கள்: கு – குதிரை, ம – மந்திரி, யா – யானை. காய்ப்பெயர் இல்லாதது சிப்பாய் நகர்வு. × என்றால் வெட்டு, + என்றால் செக், ! என்றால் நல்ல நகர்வு. ‘கோட்டை’ என்பது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி வைக்கும் கோட்டை கட்டுதல். அடைப்புக்குறிக்குள் உள்ள எழுத்து காய் எந்த வரிசையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு.

1.கு எஃப்3 டி5 2.ஜி3 சி5 3.ம ஜி2 கு சி6 4.டி4 இ6 5.கோட்டை சி×டி4 6.கு×டி4 கு(ஜி)இ7 7.சி4 கு×டி4 8.ராணி×டி4 கு சி6 9.ராணி டி1 டி4 10.இ3 ம சி5 11.இ×டி4 ம×டி4 12.கு சி3 கோட்டை 13.கு பி5 ம பி6 14.பி3 ஏ6 15.கு சி3 ம டி4 16.ம பி2 இ5 17.ராணி டி2 ம இ6 18.கு டி5 பி5 19.சி×பி5 ஏ×பி5 20.கு எஃப்4 இ×எஃப்4 21.ம×சி6 ம×பி2 22.ராணி×பி2 யா பி8 23.யா(எஃப்)டி1 ராணி பி6 24.ம எஃப்3 எஃப்×ஜி3 25.எச்×ஜி3 பி4 26.ஏ4 பி×ஏ3 27.யா×ஏ3 ஜி6 28.ராணி டி4 ராணி பி5 29.பி4 ராணி×பி4 30.ராணி×பி4 யா×பி4 31.யா ஏ8 யா×ஏ8 32.ம×ஏ8 ஜி5 33.ம டி5 ம எஃப்5 34.யா சி1 ராஜா ஜி7 35.யா சி7 ம ஜி6 36.யா சி4 யா பி1+ 37.ராஜா ஜி2 யா இ1 38.யா பி4 எச்5 39.யா ஏ4 யா இ5 40.ம எஃப்3 ராஜா எச்6 41.ராஜா ஜி1 யா இ6 42.யா சி4 ஜி4 43.ம டி5 யா டி6 44.ம பி7 ராஜா ஜி5 45.எஃப்3 எஃப்5 46.எஃப்×ஜி4 எச்×ஜி4 47.யா பி4 ம எஃப்7 48.ராஜா எஃப்2 யா டி2+ 49.ராஜா ஜி1 ராஜா எஃப்6 50.யா பி6+ ராஜா ஜி5 51.யா பி4 ம இ6 52.யா ஏ4 யா பி2 53.ம ஏ8 ராஜா எஃப்6 54.யா எஃப்4 ராஜா இ5 55.யா எஃப்2 யா×எஃப்2 56.ராஜா×எஃப்2 ம டி5 57.ம×டி5 ராஜா×டி5 58.ராஜா இ3 ராஜா இ5. வெள்ளை சரண்.

தொடக்கம்: விரைவாக

கறுப்புக்குத் தொடக்கத்தில் சிக்கல் எதுவும் இல்லை. 8ஆம் நகர்வில் இ7 குதிரை சி6க்கு வந்து வெள்ளை ராணியைத் தாக்க, ராணி டி1க்கே திரும்பியது. அந்த அவகாசத்தில் கறுப்பு டி4 தள்ளியது. மந்திரி சி5, பி6, டி4 என்று அலைந்தது நேர விரயம் போலத் தெரியும். ஆனால் வெள்ளைக் குதிரையும் பி5 போய் சி3க்கே திரும்பியதால் கணக்கு சரியாகிவிட்டது. 20.கு எஃப்4 அழகான நகர்வு: குதிரை விலகியதும் ஜி2 மந்திரியின் வழி சி6 வரை திறக்கிறது. குதிரையைச் சிப்பாய் வெட்டினால், சி6ஐ வெட்டிய மந்திரி ஏ8 யானை மேல் பாய்கிறது. இரு பக்கமும் காய்கள் கழிந்து, பலகை லேசாகிவிட்டது.

29.பி4: டிராவுக்குக் கொடுத்த விலை

27ஆம் நகர்வு முடிந்தபோது இரு பக்கமும் தலா மூன்று சிப்பாய்கள். வெள்ளைக்கு பி3, எஃப்2, ஜி3. கறுப்புக்கு எஃப்7, ஜி6, எச்7. பி3 சிப்பாயின் பாதையில் எதிர்ச் சிப்பாய் இல்லை, ஆனால் அதற்குத் துணையும் இல்லை. பி வரிசையில் ராணியும் யானையும், இ6இல் மந்திரியும் அதைக் குறிவைத்து நின்றன. அதைக் காப்பதா, விட்டுவிடுவதா?

டிங் விட்டுவிட்டார். பி4 தள்ளி, ராணிகளைக் கழித்து, உடனே யானை ஏ8 வைத்து ஒரு ஜோடி யானையையும் கழித்தார். மிஞ்சியது ஒவ்வொரு பக்கமும் ஒரு யானை, வெண்கட்டத்தில் ஓடும் ஒரு மந்திரி. வெள்ளைக்கு 2 சிப்பாய், கறுப்புக்கு 3, எல்லாம் ஒரே பக்கத்தில்.

ஏட்டுக் கணக்குப்படி இது டிராதான். எல்லாச் சிப்பாய்களும் ஒரே பக்கம் இருக்கும் 3-க்கு-2 யானை முடிவுகளை (ஒருவருக்கு மூன்று சிப்பாய், மற்றவருக்கு இரண்டு) காக்கலாம் என்பது நெடுநாள் அனுபவம். மந்திரிகள் சேர்ந்தால் வேலை கொஞ்சம் கூடும், தீர்ப்பு மாறாது. ஆனால் போட்டி மேசையில் அதன் பொருள் வேறு. தோற்கும் ஆபத்து துளியும் இல்லாமல் கறுப்பு மணிக்கணக்காக ஆடலாம். வெள்ளை ஒவ்வொரு நகர்விலும் விழித்திருக்க வேண்டும். கடிகாரமும் கறுப்பின் பக்கம். முதல் 40 நகர்வுக்கு 120 நிமிடம், பிறகு மீதி ஆட்டத்துக்கு 30 நிமிடமும் 41இலிருந்து நகர்வுக்கு 30 விநாடியும் என்பது இந்தப் போட்டியின் விதி. கடைசிக் கட்டத்தில் டிங்கிடம் இருந்த நேரம் குகேஷிடம் இருந்ததைவிடக் குறைவு. எங்கள் கணிப்பில் ஆட்டத்தின் உண்மையான திருப்பம் இங்கேதான். பி3 சிப்பாயை வைத்துக்கொண்டு சற்றே சங்கடமான, ஆனால் இருபக்கமும் கேள்வி உள்ள நிலையை ஆடியிருக்கலாம். கேள்வி கேட்கும் உரிமையை முழுதும் எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது களைத்துப்போன ஆட்டக்காரருக்கு ஏற்ற திட்டமல்ல. 14 ஆட்டம் முடியும் நேரத்தில் யார்தான் களைக்காமல் இருப்பார்கள்?

முதல் நிலைமை: 42...ஜி4

36ஆம் நகர்வைக் கவனியுங்கள். வெள்ளை யானையை சி4இல் வைத்து, பி4 யானையோடு பரிமாற்றத்தை நீட்டியது. கறுப்பு பி1இல் செக் கொடுத்து விலகிக்கொண்டது. யானை இருந்தால்தான் தொல்லை கொடுக்க முடியும் என்பது கறுப்பின் கணக்கு. யானை போனால் மூச்சு விடலாம் என்பது வெள்ளையின் கணக்கு. அப்போது இரண்டுமே சரி. வெள்ளை மந்திரி டி5இல், பலகை நடுவில், எந்தப் பக்கமும் நகரத்தக்க இடத்தில் இருந்தது.

பிறகு கறுப்பு மெல்ல எச்5, ராஜா எச்6, ஜி4 என்று முன்னேறியது. ஜி4 வந்ததும் வெள்ளையின் ஜி3 சிப்பாய் உறைந்துபோனது. 45.எஃப்3 எஃப்5 46.எஃப்×ஜி4 எச்×ஜி4 பரிமாற்றத்தில் ஒரு ஜோடி சிப்பாய் கழிந்தது. காப்பவன் சிப்பாய்களைக் கழிக்க வேண்டும் என்பது சரியான பொது விதிதான். ஆனால் கழிந்த பின் மிஞ்சியது எது என்றும் பார்க்க வேண்டும். மிஞ்சிய ஜி3 நகர முடியாதது, வேறு சிப்பாயின் காவல் இல்லாதது. யானையும் மந்திரியும் இருக்கும்வரை இது பெரிய குறை இல்லை. அவை எல்லாம் போய் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால், ஜி3ஐக் காக்கும் பொறுப்பு முழுவதும் ராஜாவின் தலையில் விழும்.

இரண்டாவது: 53.ம ஏ8

கறுப்பு யானை பி2க்கு வந்து பி7 மந்திரியைத் தாக்கியது. மந்திரி நகர வேண்டும். சி8 போனால் இ6 மந்திரி வெட்டிவிடும். டி5 போனாலும் அதே கதி. மிச்ச இடங்களில் சி6, ஏ8 இரண்டும் பெரிய மூலைவிட்டத்தை விடாமல் பிடித்திருக்கும். சி6இல் நின்றால் யானை சி2க்கு வந்து மறுபடி துரத்தலாம். ஏ8 நிம்மதியான இடம் போலத் தெரிந்திருக்கும்: யானை எளிதில் எட்டாது, மூலைவிட்டமும் கையில் இருக்கும்.

ஆனால் மூலைக் கட்டத்தில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு வழிதான். பலகையின் மற்ற கட்டங்களில் குறைந்தது இரண்டு மூலைவிட்டங்கள் உண்டு. நான்கு மூலைகளில் மட்டும் ஒன்று. ஏ8 மந்திரியின் அந்த ஒரு வழி பி7, சி6, டி5 என்று போகிறது. அதன் நடுவில் எதிர் மந்திரி காவலோடு வந்து நின்றால் ஒதுங்க இடமே இல்லை. சி6இல் நின்றிருந்தால் பி5, ஏ4, டி7, இ8 என்று விலகப் பாதை இருந்திருக்கும்.

இதனால் 53.ம ஏ8 தோற்கும் நகர்வு ஆகிவிடாது. அதன் பின்னும் நிலை டிராதான். அது வைத்துவிட்டுப் போனது ஒரு நிபந்தனையை: இனி யானையை இழக்கக் கூடாது. அந்த நிபந்தனை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. நினைவில் வைத்திருக்க வேண்டியது ஆட்டக்காரர்.

மூன்றாவது: 54.யா எஃப்4

கறுப்பு ராஜா எஃப்6இல் இருந்தது. அந்த நிலையில் யானைகள் கழிந்து கறுப்பு மந்திரி டி5க்கு வந்தால் என்ன ஆகும்? டி5க்குக் காவல் இல்லை. வெள்ளை சும்மா மந்திரியை வெட்டி எடுத்துக்கொள்ளும். அதாவது கறுப்பின் தந்திரம் வேலை செய்ய, ராஜா டி5ஐ ஒட்டிய கட்டம் ஒன்றில் இருந்தே ஆக வேண்டும்.

யானை எஃப்4க்கு வந்ததும் ராஜா இ5க்கு ஏறி அதை ஒட்டி நின்றது. ஜி3 சிப்பாயின் காவல் இருப்பதால் யானையை வெட்ட முடியாது. ஆனால் கறுப்புக்கு வேண்டிய கட்டம் கிடைத்துவிட்டது. இப்போது மூன்றும் சேர்ந்துவிட்டன: உறைந்த ஜி3, மூலையில் மந்திரி, டி5க்குக் காவலாக ராஜா.

இனி வெள்ளை என்ன ஆட வேண்டும்? யானை ஏ4க்குத் திரும்பியிருந்தால் கறுப்பு மறுபடி வழி தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். டிங் எஃப்2 வைத்தார். அதன் தர்க்கம் புரிகிறது. இரண்டாம் வரிசையில் புகுந்து ராஜாவை அடைத்து வைத்திருந்த யானையைக் கழித்தால் தொல்லை தீரும், மந்திரிகள் இருக்கும் 2-க்கு-1 முடிவில் ராஜா சிப்பாய்களுக்கு முன்னால் நிற்பதால் டிரா. ஆட்டம் முழுக்க அவர் தேடியதும் அதே பரிமாற்றம். விடுபட்டது அடுத்த படி: ஒரு ஜோடி போன பின் இரண்டாவது ஜோடியையும் எதிராளி வலுக்கட்டாயமாகக் கழிக்க முடியுமா?

முடிந்தது. 56...ம டி5. வெள்ளை வெட்டினால் சிப்பாய் முடிவு. வெட்டாவிட்டால் மந்திரி போச்சு. குகேஷுக்கும் இது கண்ட மாத்திரத்தில் தெரியவில்லை. முதலில் யானையை பி3க்கு எடுக்க இருந்ததாகவும், பிறகே மந்திரி மாட்டுவதைக் கண்டதாகவும் ஆட்டம் முடிந்து சொன்னார். பி3 ஆடியிருந்தால் ஆட்டம் இன்னும் நீண்டிருக்கும். பரிமாற்றம் வருகிறது என்றதும் கை தானாக விலகும் பழக்கம் வலியவர்களுக்கும் உண்டு. அங்கே நிறுத்திக் கணக்குப் போட்டதுதான் கறுப்பின் உண்மையான திறமை.

சிப்பாய் முடிவு: இதைக் கையால் ஆடிப் பாருங்கள்

சரணடைந்த நிலை: வெள்ளை ராஜா இ3, சிப்பாய் ஜி3, கறுப்பு ராஜா இ5, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. வெள்ளை நகர்த்த வேண்டும். ராஜாக்கள் நேருக்கு நேர், நடுவே ஒரு கட்டம். இதுதான் ஆப்போசிஷன். நகர்த்த வேண்டியவர் விலகித்தான் ஆக வேண்டும். இதே நிலையில் நகர்த்த வேண்டியது கறுப்பாக இருந்து, ராஜாவை டி5க்கு விலக்கினால், வெள்ளை ராஜா எஃப்4க்கு வந்து எஃப்5ஐத் தாக்கிவிடும். கறுப்பு ராஜா அதைக் காக்க ஓட வேண்டியதுதான்.

சிங்கப்பூரில் வீடமைப்புப் பேட்டைக் கீழ்த்தளங்களில் சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசைகள் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே உட்காரவைத்து ஆடவிட்டால், கறுப்பில் இருப்பவர் சறுக்குவது பெரும்பாலும் பின்வரும் கிளைகளில்தான்.

59.ராஜா இ2 என்றால் ராஜா இ4, மறுபடி நேருக்கு நேர். இது எளிது.

59.ராஜா டி3 என்றால் எஃப்4! 60.ஜி×எஃப்4+ ராஜா×எஃப்4 61.ராஜா இ2 ராஜா ஜி3 62.ராஜா எஃப்1 ராஜா எச்2. இனி ஜி சிப்பாய் ராஜாவின் துணையோடு இறங்கிவிடும். இங்கே அவசரப்பட்டு 61...ஜி3 தள்ளினாலும் வெல்லலாம், ஆனால் சறுக்க இடம் உண்டு. 62.ராஜா எஃப்1 ராஜா எஃப்3 63.ராஜா ஜி1 ஜி2 என்று போனால் நல்லதுதான், ஆனால் எதிராளி 62.ராஜா இ1 ஆடினால் 62...ராஜா இ3 என்று பதில் சொல்ல வேண்டும்; 62...ராஜா எஃப்3 என்றால் 63.ராஜா எஃப்1 வந்து டிரா ஆகிவிடும். சிப்பாய்க்கு முன்னால் ராஜா போக வேண்டும்.

59.ராஜா எஃப்2 தான் சோதனை. தானாக வரும் 59...ராஜா இ4 தவறு. 60.ராஜா இ2 ஆடினால் நேருக்கு நேர் நிலை வெள்ளைக்குப் போய்விடும், கறுப்பு வெற்றியை மறுபடி தேட வேண்டியிருக்கும். சரியானது 59...ராஜா டி4! 60.ராஜா இ2 ராஜா இ4 61.ராஜா எஃப்2 ராஜா டி3 62.ராஜா எஃப்1 ராஜா இ3 63.ராஜா ஜி2 ராஜா இ2 64.ராஜா ஜி1 ராஜா எஃப்3 65.ராஜா எச்2 ராஜா எஃப்2 66.ராஜா எச்1 ராஜா×ஜி3.

இங்கேயும் வேலை முடியவில்லை. 67.ராஜா ஜி1 எஃப்4 68.ராஜா எஃப்1 எஃப்3 69.ராஜா ஜி1 எஃப்2+ 70.ராஜா எஃப்1 என்று போய், 70...ராஜா எஃப்3 ஆடினால் ஸ்டேல்மேட். வெள்ளை ராஜாவுக்கு ஒரு கட்டம்கூட மிச்சம் இருக்காது, இரண்டு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டே அரைப் புள்ளி போய்விடும். 67...ராஜா எச்3 ஆடுங்கள். 68.ராஜா எஃப்2 ராஜா எச்2 வந்துவிட்டால் ஜி சிப்பாயை யாரும் தடுக்க முடியாது. 68.ராஜா எச்1 என்றால் ஜி3 69.ராஜா ஜி1 ஜி2 70.ராஜா எஃப்2 ராஜா எச்2, அடுத்த நகர்வில் ராணி. எஃப்5 சிப்பாயை அதுவரை தொடவே வேண்டாம்.